விழ ஓர் இடம்

என் வலது மணிக்கட்டின் மேலே நெல்லிக்காய் அளவில் ஒரு முடிச்சு இருக்கிறது. டாக்டர் அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "டீச்சர் நிறைய எழுதுவீங்களோ?" என்று கேட்டார். கரணம் போடுகிற பிள்ளைகளின் இடுப்பைத் தாங்கித் தாங்கி வந்தது என்றேன். சிரித்தார். பகிடி விட்டேன் என்று நினைத்திருப்பார். கண்டியில் ஒருத்தி ஜிம்னாஸ்டிக் சொல்லிக்கொடுத்தாள் என்றால் இன்றைக்கும் பலபேர் அப்படித்தான் சிரிக்கிறார்கள்.

சோறு போட்டது ஜிம்னாஸ்டிக் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். உடற்கல்வி ஆசிரியை உத்தியோகம். வலைப்பந்துக்கும், இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், 'சுகாதாரமும் உடற்கல்வியும்' பாடத்துக்கும்தான் அரசாங்கம் சம்பளம் தந்தது. கரணம் எல்லாம் சனிக்கிழமை காலையில், பாடசாலை மண்டபத்தின் கதிரைகளை ஒரு மூலைக்கு இழுத்து அடுக்கிவிட்டு.

நான் தொடங்கியது 15 வயதில். ஹந்தானைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, படிப்புக்காக டவுனுக்கு இறங்கி வந்தவள். 1988 சோல் ஒலிம்பிக் முடிந்த சமயம், எங்கள் உடற்கல்வி டீச்சர் ஒரு ஞாயிறு பேப்பரைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். ருமேனியாவின் டானியெலா சிலிவாஷ் படம். அந்த ஒலிம்பிக்கில் ஏழு தடவை பத்துக்குப் பத்து வாங்கியவள். அப்படியிருந்தும் தனிநபர் ஒட்டுமொத்தப் பட்டத்தைச் சோவியத்தின் எலேனா ஷுஷுனோவாவிடம் 0.025 புள்ளியில் பறிகொடுத்தாள். படத்தைவிட அந்தக் கணக்குத்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. ஒரு புள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு! எந்த இடத்தில் போயிருக்கும்? கால் விரல் நீளாத ஓர் இடத்திலா?

அன்றைக்குப் பின்னேரமே கையூன்றித் தலைகீழாக நிற்கப் பார்த்தேன். சுவரில் முதுகு அடித்து விழுந்ததுதான் மிச்சம். இரண்டு வருடம் முயன்றேன். நின்றேன், சக்கரம் சுற்றினேன், முன்கரணம் வந்தது. பின்கரணம் வரவேயில்லை. இந்த விளையாட்டை ஆறு ஏழு வயதில் தொடங்க வேண்டும், பதினைந்தில் தொடங்கினவளுக்குத் தோள் திறக்காது, இடுப்பு மடியாது, எல்லாவற்றுக்கும் மேலே பயம் ஏற்கெனவே குடிவந்திருக்கும் என்று எனக்கு அப்போது சொல்ல ஒருவரும் இல்லை. நான் ஆகாததை இன்னொரு பிள்ளை ஆகட்டும் என்றுதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். பெரும்பாலான பயிற்றுநர்களின் கதை அதுதான், ஒப்புக்கொள்கிறவர்கள் குறைவு.

பெண்களுக்கு நான்கு கருவிகள். 25 மீட்டர் ஓடிவந்து கையூன்றித் தாண்டுகிற வோல்ட், ஒன்று தாழ்ந்தும் ஒன்று உயர்ந்தும் நிற்கிற இரட்டைப் பார், சமநிலைக் கட்டை, 12 மீட்டருக்கு 12 மீட்டர் தரை. எங்களிடம் இருந்தது தரை. அதுவும் சிமெந்து. போட்டித் தரையில் அடியில் சுருள்வில் இருக்கும், அதற்கு மேல் பலகை, ஸ்பொஞ், கம்பளம். பிள்ளை குதித்தால் தரை கொஞ்சம் வாங்கிக்கொண்டு கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும். சிமெந்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. குதித்த வேகம் முழுவதையும் முழங்காலுக்கே அனுப்பிவிடும்.

கட்டையின் கதை கொஞ்சம் நீளம். அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், நிலத்திலிருந்து உயரம் 125 சென்டிமீட்டர். ஏறக்குறைய எட்டு வயதுப் பிள்ளை ஒன்றின் உச்சந்தலை உயரம். முதல் வருடம் சோக்கினால் தரையில் கோடு போட்டு அதில் நடக்கவிட்டேன். இரண்டாம் வருடம் கட்டுகஸ்தோட்டையில் மரக்காலை ஒன்றில் பலாமரத் துண்டு வாங்கி, தெரிந்த தச்சுப் பாஸ் ஒருவரிடம் கொடுத்தேன்.

"இதுல யாரு டீச்சர் ஒக்காருறது?"

"யாரும் ஒக்காருறதில்ல பாஸ். புள்ளைங்க ஓடும்."

மனுஷன் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளுக்குக் குத்திவிடக் கூடாதென்று இரக்கப்பட்டு, இரண்டு விளிம்பையும் உருட்டி உருட்டிச் சீவிவிட்டார். உருண்ட விளிம்பில் பாதம் பிடிக்காது, நழுவும். அதைச் சொல்லி அவர் மனத்தை நோகடிக்க எனக்கு முடியவில்லை. குஷன் வேலைக் கடையில் ரெக்சின் போர்த்தினோம். வியர்வை பட்டதும் அதுவும் வழுக்கியது. கடைசியில் என் அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போர்த்திய பழைய கம்பளியை வெட்டி, இழுத்துத் தைத்தேன். பிடித்தது. 11 வருடம் அந்தக் கம்பளிமேல் பிள்ளைகள் ஓடின.

கையில் பூசுகிற வெள்ளைத் தூள் மக்னீசியம் கார்பனேட். கரும்பலகைச் சோக்கைக் கையில் தேய்த்துக்கொண்டு பாரைப் பிடிக்கப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வழுக்கிக்கொண்டு போவார்கள். முகப்பவுடர் அதைவிட மோசம். கண்டியின் ஐப்பசி மழையில் உண்மையான தூளே களியாகிவிடும். பால்மா டின்னில் வறுத்த அரிசி ஒரு பிடி போட்டு அதோடு வைத்திருந்தேன். அதற்குள்ளும் எறும்பு வந்தது, அரிசிக்காக.

இரண்டாவது தொகுதிப் பிள்ளைகளில் ஒரு சிங்களச் சிறுமி இருந்தாள். தகப்பன் எசல பெரஹராவில் வருடம் தவறாமல் ஆடுகிற கண்டி நடனக்காரர். முதல் நாள் அவரே கூட்டிக்கொண்டு வந்தார். நான் சிங்களத்தில் தட்டுத்தடுமாறி, இங்கே என்ன சொல்லிக்கொடுக்கிறோம் என்று விளக்கப் பார்த்தேன். "ஆ, கரணம்!" என்றார். சிங்களத்திலும் அதற்குப் பேர் கரணம்தான். நாங்கள் கரணம் போடுகிறோம், அவர்கள் கரணம் அடிக்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே பின்னுக்கு ஒன்று போட்டுக் காட்டினார். நாற்பது வயதிருக்கும். வெறுங்கால். சிமெந்துத் தரை. சத்தமே வரவில்லை. எனக்கு வராத அதே பின்கரணம்.

பெரஹராக்காரர்கள் இதையெல்லாம் தார் ரோட்டிலே செய்கிறவர்கள். அன்றைக்கு அவர் சொன்ன ஒன்றை என் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: கீழே வரும்போது குதிகால் கடைசி. பெருவிரல் முதல், பிறகு பாதத்தின் பந்து, பிறகு முழங்கால் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டும், அதன் பிறகு குதிகால். சத்தம் கேட்டால் பிழை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டே ஒரு பிள்ளையின் தரையிறக்கத்துக்கு என்னால் புள்ளி போட முடியும்.

பின்கரணத்தில், அதாவது கையூன்றிப் பின்னுக்குப் பாய்வதில், மூன்று பிழை வரும். கதிரையில் உட்காருவதுபோலப் பின்னுக்குச் சாயாமல் முழங்காலை முன்னுக்குத் தள்ளுவது. கைக்கு முன்னாலேயே தலையை எறிவது. ஊன்றும்போது முழங்கை மடிவது. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியாத பயம். அதற்குத்தான் பயிற்றுநரின் கை. எங்கள் பிள்ளைகள் அதைச் 'சப்போர்ட்' என்பார்கள். "சப்போர்ட் குடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் கையைத் தூக்குவார்கள். ஒரு கை இடுப்புக்குப் பின்னால், மற்றது தொடைக்குப் பின்னால். முதல் மாதம் பாரம் முழுதும் உங்கள் கையில். பிறகு பாதி. பிறகு இரண்டு விரல். பிறகு சட்டையில் படுகிற அளவு. கடைசியில் கை வெறும் காற்றில் நிற்கும், பிள்ளை அது இருக்கிறதென்று நம்பிப் பாய்ந்துவிடும். திரும்பி, "நல்லா புடிச்சீங்க டீச்சர்" என்று சொல்லும்போது, நான் பிடிக்கவேயில்லை என்று சொல்வேன். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் 28 வருடம்.

அந்தப் பொய்யை ஒருமுறை தப்பான நாளில் சொன்னேன்.

2003. மாகாணப் போட்டிக்கு ஒரு வாரம். ஒன்பது வயதுப் பிள்ளை, அம்மா கார்மெண்டில் வேலை. எங்களிடம் இருந்தது இரண்டு தும்பு மெத்தை. ஒன்றோடொன்று முட்டவைத்துத்தான் பாவிப்போம், நழுவாமலிருக்கக் கயிறு போட்டுக் கட்டுவோம். அந்த வாரம் பரிசளிப்பு விழாவுக்கென்று மண்டபத் தரைக்கு மெழுகு தேய்த்திருந்தார்கள். பார்த்தேன். பளபளவென்று என் முகமே தெரிந்தது. நேரமாகிவிட்டதென்று கயிறு கட்டாமல் விட்டேன். "நான் இருக்கேன், போ" என்றேன். கையைக் காற்றில்தான் வைத்திருந்தேன். பிள்ளை ஓடிவந்து சக்கரம் திருப்பிப் பின்னுக்குப் பாய்ந்தாள். பாய்ச்சலில் குற்றமில்லை, அழகான பாய்ச்சல். அவள் உதைத்த வேகத்தில் மெத்தை இரண்டும் விலகிவிட்டன. இடது கை நடுவே இருந்த இடைவெளிக்குள் போனது.

அந்தச் சத்தத்தை எழுதப் போவதில்லை.

ஆஸ்பத்திரி வாங்கில் நான் அழுதுகொண்டிருந்தேன். தாய் வந்தார். திட்டுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்காலில் கை வைத்தார். "டீச்சர், நீங்க அழுதா புள்ள பயந்துக்கும். மொகத்தக் கழுவிட்டு உள்ள போங்க." பிறகு கன்டீனில் எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு அரைநாள் சம்பளம் வெட்டு.

எலும்பு சேர்ந்தது. கை மட்டும் முழுதாக நீளவில்லை, கடைசியில் கொஞ்சம் மடக்கம் நின்றுவிட்டது. பேனா பிடிக்கலாம், சோறு ஆக்கலாம், கரணம் போட முடியாது. பாடசாலையில் மெத்தைகளைக் களஞ்சிய அறையில் வைத்துப் பூட்டினார்கள். எழுத்தில் ஒன்றும் தரவில்லை. வேண்டாத வேலை என்று வாயால் சொன்னார்கள். ஒரு வருடம் பூட்டிக் கிடந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கயிறு கட்டாதது நான்.

மெத்தை வெளியே வந்த முதல் சனிக்கிழமை அந்தப் பிள்ளையும் வந்தாள். ஓரத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓர் அப்பியாசக் கொப்பியில் மற்றப் பிள்ளைகளுக்குப் புள்ளி போடத் தொடங்கினாள். நான் சொல்லிக்கொடுத்தேன். சின்னப் பிழைக்குக் கொஞ்சம், நடுத்தரத்துக்கு அதைவிடக் கூட, பெரிதுக்கு இன்னும் கூட. விழுந்தால் அந்தக் காலத்தில் 0.5 குறைப்பார்கள், பிறகு 1 புள்ளியாக்கினார்கள். 1976 மொன்றியலில் 14 வயது நாடியா கொமனேச்சி ஒலிம்பிக்கில் முதன்முதல் பத்துக்குப் பத்து வாங்கியபோது, பலகைக்கு 10.00 காட்டத் தெரியாமல் 1.00 என்று காட்டிய கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். 2006இல் விதி மாறி, செய்கிற வித்தையின் கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்கிற சுத்தத்துக்குப் பத்திலிருந்து கழித்து ஒரு புள்ளி என்று வந்தபோது, எனக்கு முன்னால் அவள் அதைப் படித்து விளங்கிக்கொண்டாள். என் வகுப்பிலிருந்து வந்த மிகச் சிறந்த கண் அவளுடையது. ஒரு பிள்ளை கட்டையில் ஏறும்போதே, "டீச்சர், அவ இன்னைக்கி விழுவா" என்பாள். விழுவாள்.

வித்தை தெரிந்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே கிடையாது. லயன் வாசலில் வாய்க்கால் தாண்டுகிற பிள்ளையைப் பாருங்கள், பெரஹராவுக்குப் பழகுகிற பிள்ளையைப் பாருங்கள். பிள்ளைகள் எங்கே போய்விடுகிறார்கள் என்றால், ஐந்தாம் தரத்துக்குள். இந்த விளையாட்டில் உடம்பு மெழுகாக இருக்கிற காலம் ஆறிலிருந்து பத்து வயது வரை. எங்கள் நாட்டில் அதே காலத்தில்தான் புலமைப்பரிசில் பரீட்சை. எட்டு வயதில் சனிக்கிழமை வகுப்பு டியூஷனுக்குப் போய்விடும். உலகப் போட்டிகளில் பெரியவர்களோடு இறங்குவதற்கு அந்த வருடத்தில் 16 வயது ஆக வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குப் பதினாறில் சாதாரண தரம். நடனக்காரரின் மகள் பத்து வயதில் கட்டையின்மேல் பின்கரணம் போட்டவள். புலமைப்பரிசிலுக்கு ஆறு மாதம் இருக்கும்போது, "சோதினை முடிந்ததும் வருவாள் மிஸ்" என்று தகப்பன் சொல்லிவிட்டுப் போனார். சோதினையில் நன்றாகச் செய்து பெரிய பாடசாலைக்குப் போனாள். வரவில்லை. இப்போது பிலிமத்தலாவையில் வங்கியில் வேலை. பேராதனை வீதியில் எதிர்ப்பக்கத்திலிருந்து என்னைக் கண்டால், நடுவருக்கு முன்னால் வணக்கம் வைப்பதுபோல இரண்டு கையையும் உயர்த்தி, நாடியைத் தூக்கி, ஒரு விநாடி நிற்பாள். பஸ்ஸில் இருக்கிறவர்கள் பார்ப்பார்கள்.

உடுப்பும் ஒரு பிரச்சினை. ஒட்டுச் சட்டையோடு மகளை மண்டபத்தில் நிறுத்த மனமில்லாத தாய் தகப்பன்மார் எல்லாச் சமூகத்திலும் இருந்தார்கள். சண்டை போட நான் போகவில்லை. முழங்கால் வரைக்கும் இறுக்கமான காற்சட்டை, அதற்குமேல் ரீசேர்ட் உள்ளே திணித்து. தளர்வாக இருந்தால்தான் ஆபத்து, என் விரல் துணியில் சிக்கும். 2021இல் ஜெர்மன் பெண்கள் அணி கணுக்கால் வரை மூடிய உடுப்போடு ஒலிம்பிக்கில் இறங்கியது. அந்தப் படத்தைப் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். மடவளையிலிருந்து ஒரு பிள்ளையைக் கூட்டிவந்த வாப்பாவுக்கு அதைக் காட்டினேன். "அப்ப சரி டீச்சர்" என்றார். அதோடு முடிந்தது.

2016 ஆகஸ்ட் 14 இரவு நான் தூங்கவில்லை. ரியோவில் வோல்ட் இறுதிப் போட்டி. திரிபுராவின் அகர்தலாவிலிருந்து வந்த தீபா கர்மாகர். தட்டைப் பாதத்தோடு பிறந்தவள். இந்த விளையாட்டுக்கு அது பெரிய குறை, ஓட்டத்திலும் உதைப்பிலும் பாதம் வில்லாக வேலை செய்ய வேண்டும். அவளும் பயிற்றுநர் பிஸ்வேஸ்வர் நந்தியும் தொடக்கத்தில் பழைய ஸ்கூட்டர் பாகங்களைப் போட்டுச் செய்த உதைபலகையில் பழகினார்கள், மெத்தைகளை அடுக்கி வோல்ட் மேடையாக்கினார்கள் என்று படித்தபோது, அம்மாவின் கம்பளிதான் ஞாபகத்துக்கு வந்தது. அவள் செய்தது புரொதுனோவா. கையூன்றிப் பாய்ந்து, முன்னுக்கு இரண்டு கரணம், கண்ணுக்குத் தரை தெரியாமல் கீழே வருவது. மரண வோல்ட் என்று பேர் வைத்திருந்தார்கள். இறங்கும்போது குந்திக்கொண்டே போய், பின்பக்கம் தரையில் படுகிற அளவுக்குத் தாழ்ந்து, எழும்பி நின்றாள். 15.066. வெண்கலம் 15.216க்குப் போனது. நாலாவது இடம். அடுத்த சனிக்கிழமை பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகக் கேட்டது, "டீச்சர், நாங்களும் ஸ்கூட்டர் ஸ்பிரிங் போடலாமா?" போட்டுப் பார்த்தோம். எங்களுடையது கத்தியது, பாயவில்லை.

மில்கா கெஹானி டி சில்வா பாணந்துறைப் பிள்ளை. 2003இல் பிறந்தவள். எனக்கு மறக்க முடியாத வருடம் அது. 2018இல் ப்யூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக், 2019இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டி, அதன் பிறகு ஜப்பானில் பயிற்சி. கொரோனாவில் ஆசியச் சாம்பியன்ஷிப் ரத்தானதும், ஸ்டுட்கார்ட் முடிவுகளை வைத்து ஆசியாவின் ஒதுக்கீட்டை நிரப்பினார்கள். இந்தியாவின் பிரணதி நாயக்கும் எங்கள் மில்காவும் அப்படித்தான் டோக்கியோவுக்குள் போனார்கள். இதை அதிர்ஷ்டம் என்று என்னிடம் ஒருவர் சொன்னார். ஸ்டுட்கார்ட்டில் நாலு கருவியிலும் ஏறி இறங்கியவளுக்கு வந்த இடம் அது, வீட்டில் இருந்தவளுக்கு வரவில்லை என்றேன். ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இலங்கை ஜிம்னாஸ்டிக் வீராங்கனை. ஆரம்ப விழாவில் ஜூடோ வீரர் சாமர தர்மவர்தனவோடு சேர்ந்து நாட்டுக் கொடியையும் தூக்கினாள். 18 வயது.

2021 ஜூலை 25, டோக்கியோவில் மில்கா இறங்கிய நாள். பாடசாலைகள் எல்லாம் மூடிக்கிடந்த காலம். என் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வட்ஸ்அப்பில் இருந்தார்கள், கை மடங்கிய அந்தப் பிள்ளையும். அவள் அப்போது வளர்ந்த பெண். அரியாக்கே அரங்கில் பார்வையாளர் ஆசனங்கள் காலி. மில்காவின் படம் கொஞ்சம்தான் கிடைத்தது, கிடைத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். இறுதிக்கு வரவில்லை. அது ஒருவரும் எதிர்பார்த்ததுமில்லை. கொப்பிக்காரி மட்டும் ஒரு வசனம் அனுப்பினாள்: "டீச்சர், அவ எறங்கையில தரையப் பாத்தீங்களா? எப்பிடிக் குடுக்குது."

அதைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். மில்காவின் கரணத்தை இல்லை, அவளுக்குக் கீழே இருந்ததை. பிள்ளை தப்பாக வந்தாலும் ஏந்திக்கொள்கிற தரை, ஒரு சாண் மெத்தை. புதிய வித்தை பழகுகிற நாடுகளில் குழி வெட்டி, அது நிறைய ஸ்பொஞ் கட்டிகளைப் போட்டு வைத்திருப்பார்கள். நூறு தடவை தலைகீழாக விழலாம், நூற்றோராவது தடவை வித்தை வந்துவிடும். சிமெந்தில் பழகுகிற பிள்ளைக்கு முதல் தடவையே சரியாக வர வேண்டும். ஆகவே கடினமானதை அது தொடவே தொடாது. தொடுகிறவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள், அல்லது மில்காவைப்போல ஜப்பானுக்குப் போக வேண்டும். கரணம் போட ஆளில்லாமல் நாங்கள் பின்தங்கவில்லை. விழ இடமில்லாமல் பின்தங்கினோம்.

இரண்டு நாள் கழித்து அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் போட்டியிலிருந்து விலகினாள். வோல்ட்டில் இரண்டரைத் திருப்பம் போடப் போனவள் காற்றில் ஒன்றரையோடு திசை தெரியாமல் இறங்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். பயந்துவிட்டாள் என்று எழுதியவர்கள் ஒருநாளும் தலைகீழாக நின்றவர்கள் இல்லை. காற்றில் மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போவது எங்கள் பிள்ளைகளுக்கும் வரும். ஒருத்திக்கு மூன்று மாதம் இருந்தது. உலகத்திலேயே பெரியவள் "இன்றைக்கு முடியாது" என்று சொன்னதைப் பார்த்த பிறகு, எங்கள் வகுப்பில் அதைச் சொல்வது வெட்கமில்லாமல் போனது. ஒரு பயிற்றுநராக அந்த ஒலிம்பிக்கில் எனக்குக் கிடைத்த பெரிய உதவி அதுதான்.

மில்கா 2022இல் பேர்மிங்ஹாம் பொதுநலவாயப் போட்டிக்கும் போனாள். நாங்கள் அந்த வருடம் எங்கேயும் போகவில்லை. பெற்றோல் வரிசை, பஸ் இல்லை, கரண்ட் இல்லை. மாதக்கணக்கில் வகுப்பு நின்றது. அந்த இடைவெளியில் ஓய்வு பெற்றேன். மண்டபச் சாவியையும் ஒப்படைத்தேன்.

இப்போது கட்டுகஸ்தோட்டையில் ஒரு நல்ல மனிதர் வாடகை வாங்காமல் தந்த பழைய கராஜில் நடத்துகிறோம். சனிக்கிழமை காலை ஏழு மணி. டியூஷனுக்கு முன்னால் முடித்துவிடுவேன், அதனால் பிள்ளைகள் வருகிறார்கள்: பதினான்கு பேர், மூன்று மொழி. கை மடங்கிய பெண் கொப்பியோடு வருகிறாள். இப்போது அவள்தான் சப்போர்ட் கொடுக்கிறாள், நான் கதிரையில். நீளாத கையாலும் இடுப்பைத் தாங்கலாம் என்று அவளே கண்டுபிடித்தாள். மெத்தை கட்டுகிற கயிற்றை ஒவ்வொரு வாரமும் முதல் வேலையாகச் சோதிப்பதும் அவள்தான். நான் சொல்லி அல்ல.

கராஜில் நிலத்தைத் தோண்ட விடமாட்டார்கள். அதனால் பத்தடிக்கு எட்டடி, நாலடி உயரத்துக்குப் பலகைப் பெட்டி ஒன்று அடித்திருக்கிறோம். பழைய பாஸின் மகன்தான் அடித்துத் தந்தார். அதற்குள் ஸ்பொஞ் துண்டுகளைக் கொட்டி வருகிறோம். ஒன்றரை அடி நிரம்பியிருக்கிறது. மூன்றரை அடிக்கு மேல் வந்தால்தான் பிள்ளைகளை அதில் விழவிடலாம். கண்டியிலும் பேராதனையிலும் கம்பளையிலும் குஷன் வேலைக் கடை வைத்திருக்கிறவர்களிடம் கேட்கிறேன்: வெட்டி மிஞ்சுகிற ஸ்பொஞ்சை எரிக்காதீர்கள், மூட்டையில் கட்டி வையுங்கள். வீட்டில் பழைய மெத்தையைத் தூக்கி எறியப் போகிறவர்களும் கொஞ்சம் பொறுங்கள். ஈரமில்லாமல் இருந்தால் போதும். மழை வருவதற்கு முன்னால் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.